விழுந்துவிடுவோமோ என்ற பயம்!

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களைக் கட்டிப்போடும் கண்ணுக்குத் தெரியாத கயிறு

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.

சறுக்கிய யானை எழுந்து நடந்துவிடும். வயதான மனிதர் சறுக்கினால்? கையில் பட்ட காயம் பத்து நாளில் ஆறிவிடுகிறது. மனத்தில் புகுந்த பயம் மட்டும் ஆறுவதில்லை. அது அவரை நாற்காலியில் உட்கார வைக்கிறது. பிறகு கட்டிலில் படுக்க வைக்கிறது.

அதிலும் சர்க்கரை நோய் உள்ளவராக இருந்தால், இந்தப் பயம் நோயோடு கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்து ஆளை வீழ்த்துகின்றன.

தமிழ்நாட்டில் இன்று எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. ஆனால் இதை ஒரு நோய் என்று யாரும் நினைப்பதில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடலாமா? கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பேட்டை அது. வெல்ல மண்டியும் லீ பஜாரும் அங்கே இருக்கின்றன. வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகள் அங்கே நிறைந்திருக்கின்றன. ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவும் வண்டி வேடிக்கையும் வந்தால் ஊரே தெருவில் நிற்கும்.

அங்கே ஒரு பழைய வீட்டில் 68 வயது அம்மாள் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் காலையில் கோவிலுக்கு நடந்து போய் வருவார். வரும் வழியில் கீரை வாங்கி வருவார்.

ஒரு நாள் குளிக்கும் அறையில் கால் வழுக்கியது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. மணிக்கட்டில் மட்டும் சுளுக்கு.

மறு நாளிலிருந்து மருமகள் சொல்கிறாள்: "அத்தை, நீங்க எழுந்திரிக்காதீங்க. எது வேணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க."

மகன் சொல்கிறான்: "கோவிலுக்கெல்லாம் போக வேண்டாம்மா. வண்டி வாசி அதிகம். மறுபடி விழுந்தா யார் பார்க்கிறது?"

எல்லாம் அன்பினால் சொல்வதுதான். அந்த அம்மாளுக்கும் உள்ளூரப் பயம். கோவில் நின்றது. கீரைக் கடை நின்றது. மாடிப்படி நின்றது. கடைசியில், துணைக்கு ஆள் இல்லாமல் குளிக்கவும் பயம் வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது! டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். நடக்காததால் பசியும் இல்லை. சரியாகச் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை சட்டென்று இறங்குகிறது. தலை சுற்றுகிறது. எழுந்து நின்றால் கால் நடுங்குகிறது.

"பார்த்தீர்களா, எழுந்தால் விழுந்துவிடுவேன் என்று சொன்னேனே!" என்கிறார் அந்த அம்மாள்.

பயம் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொண்டது!

இந்த அம்மாள் கற்பனைதான். ஆனால் இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் கண்முன் வந்திருக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இந்தியாவில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடத்தின. அதன் முடிவு 2023-ம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அதில் கண்டார்கள். மேலும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

முதியவர்களின் எண்ணிக்கையும் ஏறுகிறது. 2021-ம் ஆண்டில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 13 அல்லது 14 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்று மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. 2031-ல் இது 18 ஆகும் என்றும் கணக்கிட்டது. இந்தக் கணக்கில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முன்னால் நிற்பது தமிழ்நாடுதான்.

முதியவர்கள் விழுவது எவ்வளவு சாதாரணம்? 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கீழே விழுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

ஆகவே பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை விட்டுவிட்டு, காலைக் கட்டிப்போடுகிறோமே, அதுதான் தவறு.

சர்க்கரை நோய்க்காரர் ஏன் விழுகிறார்?

நாம் நிற்பதும் நடப்பதும் கண், காது, கால் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை. கண் வழியைப் பார்க்கிறது. காதின் உட்பகுதி உடம்பு சாய்கிறதா என்று சொல்கிறது. பாதம், தரை மேடா பள்ளமா, ஈரமா காய்ந்ததா என்று மூளைக்குத் தந்தி அடிக்கிறது.

பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால், பாதத்திலிருந்து போகும் நரம்புகள் பழுதாகின்றன. தந்தி போய்ச் சேருவதில்லை. "பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது", "செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

கண்ணின் விழித்திரையும் கெடுகிறது. இருட்டில் படி தெரிவதில்லை. தொடைத் தசை இளைக்கிறது. உட்கார்ந்தவர் எழுந்ததும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில், விளக்கைப் போடாமல், அவசர அவசரமாக நடக்கிறார். விழுவதற்கு வேறென்ன வேண்டும்?

இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும் அல்லது சமாளிக்க முடியும். "வயசாச்சு" என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுவதால்தான் ஒன்றும் நடப்பதில்லை.

பயத்தை அளந்தார்கள்!

பயத்தை அளக்க முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்.

1982-ம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு டாக்டர்கள், விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 36 முதியவர்களைக் கவனித்தார்கள். அவர்களில் பலர் பிடிமானம் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கவும் அஞ்சினார்கள். கிடைத்ததையெல்லாம் இறுகப் பற்றிக்கொண்டார்கள். விழுந்த பிறகு வரும் இந்த நிலைக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார்கள் அந்த டாக்டர்கள்.

1990-ம் ஆண்டு அமெரிக்காவில் மேரி டினெட்டி என்ற பெண் டாக்டரும் அவருடைய குழுவினரும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். குளிப்பது, உடை உடுத்துவது, எளிய சமையல், கடைக்குப் போவது, நாற்காலியிலிருந்து எழுவது, மாடிப்படி ஏறுவது போன்ற பத்து வேலைகள். "விழாமல் இதைச் செய்ய முடியும் என்று உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள். நம்பிக்கை எவ்வளவு குறைவோ, பயம் அவ்வளவு அதிகம்.

விழுவது முதலா, பயம் முதலா? அமெரிக்காவில் 2,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2002-ம் ஆண்டு பதில் சொன்னார்கள். விழுந்தவர்களுக்குப் பின்னால் பயம் வருகிறது. இதுவரை விழாமலே பயந்தவர்கள், பின்னால் விழுகிறார்கள்! ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கிறது.

இன்னும் வேடிக்கையான ஒரு செய்தி உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் 70 வயதுக்கு மேற்பட்ட 500 பேரை ஆராய்ந்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 11 பேர் காலும் கண்ணும் நன்றாக இருந்தும் மிகவும் பயந்தார்கள். நூற்றுக்கு 20 பேர் கால் பலவீனமாக இருந்தும் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஊரோடு கலந்து, நடமாடி, மகிழ்ச்சியாக இருந்தார்கள். அந்த நடமாட்டமும் மன தைரியமும் அவர்களைப் பெரிதும் காப்பாற்றின. நல்ல கால் இருந்தும் பயந்தவர்களோ, எதிர்பார்த்ததைவிட அதிகமாக விழுந்தார்கள்!

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பேய் தள்ளியும் விடுகிறது என்பதுதான் புதுச் செய்தி.

கொல்லிமலை தந்த பாடம்

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்ன ஒரு டாக்டர், சேலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் பால் பிராண்ட். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையில் 1914-ம் ஆண்டு பிறந்தார். தந்தையும் தாயும் இங்கிலாந்திலிருந்து வந்து மலைமக்களுக்குத் தொண்டு செய்தவர்கள்.

பால் பிராண்ட் இங்கிலாந்தில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1946-ம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல்களும் பாதங்களும் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிராண்ட் வேறு உண்மையைக் கண்டார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி அடிபடுகிறது. அதுதான் விரலையும் பாதத்தையும் அழிக்கிறது!

வலி நம் காவல்காரன் என்று அவர் உலகத்துக்குச் சொன்னார். காவல்காரன் இல்லாத பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்புகளைச் செய்யும் வேலையும் அவர் காலத்தில் வளர்ந்தது. அந்த வழியில் வந்தவைதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்புகள்.

1966-ம் ஆண்டு அவர் அமெரிக்காவில் காருவில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்களைப் பார்த்தார். நோய் வேறு, ஆனால் கதை ஒன்றுதான் என்று கண்டுகொண்டார். உணர்ச்சி இல்லாத பாதம்!

இன்று சர்க்கரை நோய் ஆஸ்பத்திரிகளில் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அந்த இழை வளையும். அது தெரியாவிட்டால் பாதம் காவலை இழந்துவிட்டது என்று பொருள். இந்த 10 கிராம் அளவை நிலைநாட்ட உதவிய ஆய்வு 1980-களில் அதே காருவில் ஆஸ்பத்திரியில் நடந்ததுதான்.

இரண்டு மூங்கில் தடிகள்

பால் பிராண்டின் தாயார் ஈவ்லின் பிராண்ட் அம்மையாரின் கதை இன்னும் அருமையானது.

1929-ம் ஆண்டு கணவர் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தார். அம்மையார் மலையை விடவில்லை. ஓய்வு பெற வேண்டிய வயதிலும் கொல்லிமலையிலும் சுற்றியுள்ள மலைகளிலும் ஊர் ஊராகப் போய் வைத்தியம் செய்தார். குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார்.

எழுபது வயதைத் தாண்டிய பின் ஒரு நாள் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. உதவிக்கு ஆள் வரவே நெடுநேரம் ஆயிற்று. கட்டிலில் தூக்கி வந்து, ஜீப்பில் ஏற்றி, கரடுமுரடான பாதையில் கொண்டு போனார்கள்.

"இனி மலைக்குப் போக வேண்டாம்" என்று டாக்டரான மகனே சொல்லிப் பார்த்தார். அம்மையார் கேட்கவில்லை. இரண்டு கைகளிலும் மூங்கில் தடி ஊன்றி நடந்தார். நடக்க முடியாத இடங்களுக்கு மலைக் குதிரையில் போனார். 1974-ம் ஆண்டு 95-வது வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவரின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இது சர்க்கரை நோயாளியின் கதை அல்ல. எல்லாப் பாட்டிகளும் குதிரை ஏற வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மூங்கில் தடிகளைக் கவனியுங்கள். அந்த அம்மையார் ஆபத்து இல்லை என்று வீம்பு பேசவில்லை. ஆபத்துக்குத் தடி எடுத்துக்கொண்டார். நடையை விடவில்லை.

அவரிடம் நாம் கற்க வேண்டியது அதுதான்.

ஐந்து சோதனைகள்

சரி, நம் வீட்டுப் பெரியவருக்கு என்ன செய்வது? முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "இவர் விழுந்தார்" அல்லது "விழப் பயப்படுகிறார்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியாது. பெரியவர்களோ, சொன்னால் வீட்டில் அடைத்து வைப்பார்கள் என்று மறைத்துவிடுகிறார்கள்.

ஒன்று: பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு தடவையாவது சோதிக்க வேண்டும். புண், வெடிப்பு, ஆணி இருக்கிறதா என்று வீட்டில் தினமும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்குப் பேரன் பேத்திகள் பார்த்துச் சொல்லலாம். புண் இருந்தால் நடைப் பயிற்சிக்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இரண்டு: கண். விழித்திரையை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். புரை இருந்தால் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று: இரத்த அழுத்தம். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற பிறகு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதைக் கவனித்தே ஆக வேண்டும்.

நான்கு: மாத்திரைகள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும் அதில் இருக்கட்டும். நெடுநாள் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அதுவும் நரம்பைப் பாதிக்கும். அதையும் கேளுங்கள்.

ஐந்து: சர்க்கரை மிகவும் இறங்குகிறதா? இது மிக முக்கியம்.

"சர்க்கரை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது" என்று பலர் நினைக்கிறார்கள். முதியவர்களுக்கு அது சரியல்ல. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்துப் பார்த்த ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. அந்தக் குழுவில் சாவு அதிகமானதால் 2008-ம் ஆண்டு அந்த முறையையே நடுவில் நிறுத்தினார்கள். அதன்பின் டாக்டர்களின் எண்ணம் மாறியது. பல நோய்கள் உள்ள முதியவருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 8 சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வழி காட்டுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது சரியான அளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

திடீரென்று வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே உட்கார வைத்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுத்து, டாக்டரை அழையுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

வீட்டைத் திருத்துங்கள்

செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய பேட்டைகளில் வீடுகள் குறுகலானவை. நிலைப்படி உயரம். உள்ளே போகும் நடை இருட்டு. மாடிப்படி ஏணிபோல் செங்குத்து. புதிதாகக் கட்டிய வீடுகளிலோ வழவழப்பான டைல்ஸ். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அந்தத் தரை சறுக்கு மரம்தான்!

பெரிய செலவு வேண்டாம். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். கழிப்பறையிலும் குளிக்கும் அறையிலும் சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று பதியுங்கள். குந்தி எழ முடியாதவருக்கு உயரமான இருக்கை வையுங்கள். குளிக்க முக்காலி போடுங்கள். நிலைப்படியின் விளிம்பில் மஞ்சளோ வெள்ளையோ பெயின்ட் அடியுங்கள். கால்மிதி நழுவாமல் இருக்க வேண்டும். நடக்கும் வழியில் மின்சார வயரும், மூட்டையும், குழந்தைகளின் பொம்மையும் கிடக்கக் கூடாது.

செருப்பு குதிகாலைப் பிடிப்பதாக இருக்கட்டும். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுவது நம் வழக்கம் இல்லை. ஆனால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அது தேவை. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். கோவிலுக்குப் போனால் காலையிலோ மாலையிலோ போங்கள். உச்சி வெயிலில் கல் தரை சுடுவது அந்தப் பாதத்துக்குத் தெரியாது.

கைத்தடியைப் பற்றி ஒரு சொல். "கையில் தடி பிடித்தால் கிழவன் என்பார்கள்" என்று சிலர் வெட்கப்படுகிறார்கள். கண்ணாடி போட வெட்கப்படுகிறோமா?

நடை எனும் மருந்து

உலகின் பல நாடுகளில் நடந்த 108 பரிசோதனைகளை ஒன்றாகத் திரட்டி 2019-ல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் அவற்றில் கலந்துகொண்டவர்கள். உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது! நூறு தடவை விழ வேண்டிய இடத்தில் 77 தடவைதான் விழுந்தார்கள்.

என்ன பயிற்சி? கடினமானது ஒன்றும் இல்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. பிடிமானத்தோடு ஒற்றைக் காலில் சில விநாடி நிற்பது. ஒரு பாதத்துக்கு முன் மற்றப் பாதத்தை வைத்து நேர்கோட்டில் நடப்பது. முதல் நாட்களில் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். வெறும் நடை மட்டும் போதாது. தொடைக்குப் பலமும், நிற்பதில் நிதானமும் சேர வேண்டும்.

நடந்தால் சர்க்கரை இறங்கும். தசை வலுக்கும். தசை வலுத்தால் தைரியம் வரும். தைரியம் வந்தால் இன்னும் கொஞ்சம் நடக்கத் தோன்றும். பயம் சுற்றிய அதே வட்டத்தை இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறோம்!

விழுந்தால் எப்படி எழுவது?

விழுந்தவருக்கு வலியைவிட, "எழ முடியவில்லையே" என்ற திகில் பெரிது. எழுவதற்கும் ஒரு வழி உண்டு. உடனே துள்ளி எழக் கூடாது. முதலில் மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். கடும் வலி இல்லையென்றால், ஒரு பக்கமாகத் திரும்பி, கை முட்டி ஊன்றி, தவழ்ந்து ஒரு நாற்காலி வரை போக வேண்டும். அதைப் பிடித்து, பலமான காலை முன்னே ஊன்றி, மெதுவாக எழுந்து உட்கார வேண்டும்.

இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால், கால் ஒரு பக்கம் திரும்பியிருந்தால், தலையில் அடிபட்டிருந்தால் எழுப்பக் கூடாது. உருவி விடுவது, இழுத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவரின் கைப்பேசி மேசையில் இருந்து பயன் இல்லை. கழுத்திலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும்.

அரசும் நகராட்சியும்

எல்லாவற்றையும் வீட்டின் மேல் போட்டுவிட முடியாது. வாசலுக்கு வெளியே தெரு இருக்கிறதே!

மண்டித் தெருக்களில் லாரியும் மூட்டையும் இருசக்கர வண்டியும் போக மிஞ்சிய இடத்தில்தான் மனிதர்கள் நடக்கிறார்கள். திறந்த சாக்கடை, உடைந்த மூடி, எரியாத விளக்கு எல்லாம் இளைஞனுக்குத் தொந்தரவு. முதியவருக்கு எலும்பு முறிவு. நடைபாதை என்பது நகரத்துக்கு அலங்காரம் அல்ல. அது சர்க்கரை நோய்க்கு மருந்து.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதித்து, மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. தேவைப்பட்டவர்களுக்கு வீட்டில் இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் அதில் சேர்ந்தது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பரிசும் அதற்குக் கிடைத்தது.

வீட்டு வாசலுக்கு வருகிறவர் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டால் போதும். "இந்த ஆண்டு கீழே விழுந்தீர்களா? விழுவோம் என்று பயந்து எதையாவது விட்டுவிட்டீர்களா?" இதற்குக் கருவி வேண்டாம். பணம் வேண்டாம். சர்க்கரை அளவைக் குறிக்கும் சீட்டில் இந்தப் பதிலையும் குறித்துவிட்டால், எந்த வீட்டுக்கு இயன்முறைப் பயிற்சியாளர் முதலில் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பஸ் படியும் ஒரு தடைதான். 2024-ம் ஆண்டு சென்னையில் படி தாழ்ந்த புதிய பஸ்கள் ஓடத் தொடங்கின. முழங்கால் வலியும் மரத்த பாதமும் சென்னைக்கு மட்டும் உள்ளவை அல்லவே! சேலத்துப் பெரியவர்களுக்கும் நாமக்கல் பெரியவர்களுக்கும் அந்த வசதி வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

இன்று உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும் இவர்கள்தான், ஒரு காலத்தில் உங்களுக்கு நடை பழக்கியவர்கள். நீங்கள் எத்தனை தடவை விழுந்திருப்பீர்கள்! "விழுந்துவிடுவாய், எழுந்திருக்காதே" என்று அவர்கள் சொன்னார்களா? கூடவே நின்றார்கள். கை கொடுத்தார்கள். பிறகு கையை விட்டார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். "உட்காருங்கள்" என்பதற்குப் பதிலாக, "வாங்க, நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள். முதல் வாரம் வாசல் வரை. அடுத்த வாரம் தெருமுனை வரை. பிறகு கோவில் வரை. பாதத்தைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிவிட்டு, தடியைக் கையில் கொடுத்து அழைத்துப் போங்கள்.

பெரியவர்கள் விழாமல் இருப்பது முக்கியம்தான். அவர்கள் நடமாடிக்கொண்டே விழாமல் இருக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு விளக்கும், சுவரில் ஒரு கைப்பிடியும், பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால், பாதி பயம் அன்றைக்கே ஓடிவிடும். மீதி பயம் நடக்க நடக்க ஓடும்!